மேல்கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர்

மதுரை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. கண் ஆபரேஷன் முடிந்து சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தேன். மகள்தான் படித்துக் காட்டினாள். உன் வீட்டில் மூட்டு வலி குறைந்திருக்கிறது என்று கேட்டதும் இங்கே அவளுக்கு ஒரே சந்தோஷம். என்ன தைலம் என்று கேட்டு எழுதச் சொல்கிறாள், மறந்துவிடாதே. எனக்கு இடது கண் நன்றாகத் தெளிந்துவிட்டது. வலது கண்ணுக்குத் தை மாதம் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன், எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் பேரன் உனக்குப் போட்டுக் காட்டிய கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த வயதான பாதிரியார் யார், கடைசிக் காட்சியில் அவரைப் பார்த்து ஏன் எனக்குத் தொண்டை அடைத்தது என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வியை மகள் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் அந்த மனிதரை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். அதாவது திரையில் தெரியும்.

அவர் பெயர் பாரி ஃபிட்ஸ்ஜெரால்ட். அயர்லாந்துக்காரர், டப்ளினில் 1888இல் பிறந்தவர். நீ பார்த்தது 1944இல் வந்த 'கோயிங் மை வே'. பாட்டுப் பாடும் இளம் பாதிரியாராக வருபவர் பிங் கிராஸ்பி, இயக்கியவர் லியோ மெக்கேரி. அந்த வருடம் அமெரிக்காவில் மிக அதிகமாக ஓடிய படங்களில் அது ஒன்று. படம் எடுத்தபோது பாரிக்கு ஐம்பத்தைந்து வயதுதான், மாப்ளே! கழுத்தைச் சற்று உள்ளிழுத்து, உதட்டைக் குவித்து, பாதத்தைத் தரையில் தேய்த்து நடந்து, எழுபதைத் தாண்டியவராக நம்மை நம்பவைத்துவிட்டார். கடைசிக் காட்சியில் அவருக்கு அம்மாவாக வருகிற அந்தப் பாட்டிக்கு நிஜமாகவே எண்பது தாண்டியிருந்தது. அவர் சினிமாவுக்கு வந்ததே எழுபது வயதுக்கு மேல்தான்.

உன்னை அழவைத்தது அந்தக் கடைசிக் காட்சி. என்னை இன்னும் பிடித்து வைத்திருப்பது அதற்கு முன்னால் வருகிற ஒன்று. கோயில் பொறுப்பு தன் கையை விட்டு இளையவருக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும் பெரியவர் மழையில் வீட்டைவிட்டுக் கிளம்பிப் போய்விடுவார். போலீஸ்காரர் கூட்டிக்கொண்டு வந்து விடுவார். ஈரம் துடைத்துப் படுக்கையில் படுக்க வைத்திருப்பார்கள். அப்போது புத்தக அலமாரியிலிருந்து ஒன்றை எடுக்கச் சொல்வார். புத்தகங்களுக்குப் பின்னால் ஒரு பாட்டில் இருக்கும். அதோடு ஒரு மியூசிக் பெட்டி, திறந்தால் தாலாட்டு மெட்டு வரும். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு அயர்லாந்திலிருந்து அம்மா அனுப்புகிற பாட்டில் அது. இருவரும் ஆளுக்கு ஒரு சொட்டு குடிப்பார்கள். மெட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பாரியின் முகத்தை மட்டும் பார், அடுத்த தடவை. நாற்பத்தைந்து வருடமாகப் பார்க்காத அம்மாவைப் பற்றிப் பேசும்போது அவர் அழுவதே இல்லை. கண் எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வரும், அவ்வளவுதான். கடைசியில் அந்த அம்மா வாசலில் வந்து நிற்கும்போது நமக்கு அடைக்கிறதே, அதற்கான விதையை அவர் அந்தப் படுக்கையிலேயே போட்டுவிட்டார்.

இவர் எங்கிருந்து வந்தார் என்பதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். நாம் இரண்டு பேரும் முப்பது வருடம் ஃபைல் கட்டோடு கிடந்து, ராத்திரி ஆபீஸ் நாடகக் குழுவில் ஒத்திகை பார்த்தவர்கள். இவரும் அப்படித்தான். நிஜப் பெயர் வில்லியம் ஜோசப் ஷீல்ட்ஸ். 1911இலிருந்து டப்ளினில் அரசாங்க குமாஸ்தா. வேலையில்லாதவர்கள் வந்து போகிற பிரிவிலும் இருந்திருக்கிறார். சாயங்காலம் ஆனால் நாடகம். மேலதிகாரிகளுக்குத் தெரிந்தால் வம்பு என்றுதான் 'பாரி ஃபிட்ஸ்ஜெரால்ட்' என்று வேறு பெயர் வைத்துக்கொண்டார். டப்ளினின் ஆபி நாடக அரங்கில் சேர்ந்த புதிதில் அவருக்கு ஒரே ஒரு வரி வசனம். மேடை பயத்தில் அந்த ஒரு வரியிலும் சொற்களின் முதல் எழுத்துகள் இடம் மாறி விழுந்து அரங்கமே சிரித்ததாகச் சொல்வார்கள்.

அதே அரங்கில் 1924இல் ஷான் ஓ'கேஸி எழுதிய 'ஜூனோ அண்ட் த பேகாக்' நாடகத்தில் கேப்டன் பாய்ல் வேடம் கிடைத்தது. வேலை என்ற பேச்சை எடுத்தாலே கால் வலிக்கிறது என்று சொல்லும் மனிதர் அந்த பாய்ல். பகலெல்லாம் வேலையில்லாத ஆட்களின் முகத்தை கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்த குமாஸ்தா ராத்திரி அந்த முகத்தைப் போட்டுக்கொண்டு மேடையேறினார். டப்ளின் அவரைக் கொண்டாடியது. அப்போதும் அவர் வேலையை விடவில்லை. ஓ'கேஸி இவரை மனத்தில் வைத்து வேடம் எழுதிய அடுத்த நாடகத்தை ஆபி நிராகரித்தது, 1929இல் அது லண்டனில் மேடையேறியது. அதில் நடிக்கத்தான் ராஜினாமா கடிதம் கொடுத்தார். வயது நாற்பத்தொன்று. நமக்கு நாற்பத்தொன்று ஆனபோது நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நினைத்துப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு ஃபீஸ், வீட்டுக் கடன். அந்த வயதில் பென்ஷன் வேலையை உதறிவிட்டு மேடைக்குப் போனவரை நான் மனசார மதிக்கிறேன்.

இவருக்கு ஒரு தம்பி, ஆர்தர் ஷீல்ட்ஸ். எட்டு வயது இளையவர், அவரும் நடிகர். அண்ணனைவிட உயரம், எலும்பும் தோலுமான உடம்பு, கண்ணில் ஒரு தீவிரம். 1916 ஈஸ்டர் வாரத்தில் டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்ததே, அன்றைக்கு இருபது வயது ஆர்தர் ஆபி அரங்குக்குப் போய், மேடைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போனவர். கிளர்ச்சி அடங்கியதும் பிடித்து வேல்ஸில் ஃப்ரான்காக் முகாமில் அடைத்தார்கள். வெளியே வந்ததும் மறுபடி அதே மேடைக்குத்தான் வந்தார்.

பத்து வருடம் கழித்து, 1926இல், அதே கிளர்ச்சியை வைத்து ஓ'கேஸி எழுதிய 'த ப்ளாவ் அண்ட் த ஸ்டார்ஸ்' ஆபியில் மேடையேறியது. தியாகிகளைக் கொச்சைப்படுத்துகிறது என்று பார்வையாளர்களில் ஒரு கூட்டம் கொந்தளித்து மேடையிலேயே ஏறிவிட்டது. கணவனையும் மகனையும் பறிகொடுத்த பெண்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மேடையிலும் அந்தக் கிளர்ச்சியில் சண்டை போட்ட ஆர்தர் நடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அண்ணன் பாரி. மேடையேறி வந்தவர்களில் ஒருவரை அந்தக் குள்ளமான மனிதர் ஒரே குத்தில் கீழே தள்ளினாராம். இந்த நாடகத்தைத்தான் ஜான் ஃபோர்ட் 1936இல் படமாக எடுத்தார். அதற்காகவே அண்ணன் தம்பி இருவரையும் ஹாலிவுட்டுக்கு அழைத்தார். அந்தப் படத்தில் ஆர்தருக்கு என்ன வேடம் தெரியுமா? பாட்ரிக் பியர்ஸ். கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கி, சுட்டுக் கொல்லப்பட்டவர். தன் இருபதாவது வயதில் யாருடைய அறைகூவலுக்குத் துப்பாக்கி எடுத்தாரோ, நாற்பதாவது வயதில் அவராகவே கேமரா முன்னால் நின்றார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அப்புறம் உலகப் போர் வந்தது. அயர்லாந்து நடுநிலை என்று அறிவித்துவிட்டது. அங்கே அந்தக் காலத்துக்கே 'அவசர நிலை' என்றுதான் பெயர். சினிமாத் தணிக்கை கெடுபிடியாக இருந்தது. ஒரு பக்கத்துக்குச் சாதகமாகப் பேசுகிற படங்களை விடமாட்டார்கள். சாப்ளினின் 'த கிரேட் டிக்டேட்டர்' கூட அங்கே தடை செய்யப்பட்டது. அதே நேரத்தில் அந்த நாட்டு நடிகர் ஒருவர் ஹாலிவுட்டில் போர்க்காலப் படங்கள் ஒவ்வொன்றாக நடித்துக்கொண்டிருந்தார்.

நான் வரிசையாகப் பார்த்தபோது ஒன்று கவனித்தேன். அந்த வருடங்களில் பாரியை எங்கே தேடினாலும் கப்பலில் இருப்பார். 1940இல் ஃபோர்டின் 'த லாங் வாயேஜ் ஹோம்', வெடிமருந்து ஏற்றிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போகும் சரக்குக் கப்பல், அதில் பாரி பரிமாறுகிற ஆள். 1941இல் 'த சீ வுல்ஃப்', அதில் கோள் சொல்லும் கொடூரமான சமையல்காரர். அதே சின்ன உடம்பு, அதே கீச்சுக் குரல், ஆனால் பார்த்தால் அருவருப்பாக இருக்கும். கடைசியில் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்க, சுறா காலைக் கவ்விவிடும். 1943இல் மூன்று படம். டீனா டர்பின் நடித்த 'த அமேசிங் மிஸஸ் ஹாலிடே'யில் கப்பல் பணியாள், 'டூ டிக்கெட்ஸ் டு லண்டன்' படத்தில் கேப்டன், 'கார்வெட் கே-225' படத்தில் கனடாக் கடற்படையின் பழைய மாலுமி. அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போகும் சின்னப் போர்க்கப்பல்தான் கார்வெட். அந்தப் படத்துக்காக நிஜமான கப்பல் வரிசைகளோடு போய்ப் படமெடுத்துக்கொண்டு வந்தார்கள். அலை மேலே ஏறி விழுகிற அந்தக் காட்சிகளில் வயிற்றைப் பிசையும்.

இவற்றில் நீ கட்டாயம் பார்க்க வேண்டியது 'த லாங் வாயேஜ் ஹோம்'. ஒளிப்பதிவு கிரெக் டோலண்ட். ஜான் வெய்ன், தாமஸ் மிட்செல் எல்லாம் இருக்கிறார்கள். நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது ஒரு காட்சி. மாலுமிகளில் ஒருவன்மேல் ஜெர்மன் உளவாளி என்று சந்தேகம் வந்துவிடும். அவனைக் கட்டிப் போட்டுவிட்டு அவன் பெட்டியைத் திறப்பார்கள். உள்ளே வெடிகுண்டு இல்லை, கடிதக் கட்டு. சங்கேத மொழியோ என்று ஒருவர் சத்தமாகப் படிக்க ஆரம்பிப்பார். படிக்கப் படிக்கத்தான் தெரியும், அவன் மனைவி எழுதியவை அவை, குடியால் குடும்பத்தை விட்டு ஓடிவந்தவன் அவன். கேமரா படிப்பவரைவிட்டு விலகி, சுற்றி நிற்பவர்களின் முகங்களுக்குப் போகும். ஒவ்வொருவராகத் தலை குனிவார்கள். அங்கே அண்ணனும் தம்பியும் ஒரே கப்பலில் இருக்கிறார்கள், ஆர்தருக்கு டாங்கிமேன் என்ற இயந்திர அறை ஆள் வேடம். பேசாமல் நிற்பது எவ்வளவு பெரிய நடிப்பு என்பதை அந்த அறையில் நிற்பவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

அடுத்த வருடம் ஃபோர்டின் 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி'. வேல்ஸ் சுரங்க ஊரின் கதை. போர் நடந்ததால் வேல்ஸுக்குப் போக முடியாமல் கலிஃபோர்னியாவில் மாலிபு மலைச்சரிவில் ஊரையே செட் போட்டு எடுத்தார்கள். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. அதில் பாரிக்கு ஒரு குத்துச்சண்டைக்காரரின் கூடவே சுற்றும் சிஃபார்தா என்பவரின் வேடம். நண்பரின் நிழல் மாதிரி. பாதிப் படத்துக்குச் சிரிப்பு மூட்டத்தான் வருகிறார். ஆனால் கடைசியில் சுரங்கம் இடிந்து உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருப்பார். யார் இறங்குவது என்ற கேள்வி வரும். கண் பார்வை போய்விட்ட குத்துச்சண்டைக்காரர் நான் வருகிறேன் என்று முன்னால் வந்து, வா என்று பாரியையும் கூப்பிடுவார். பாரி சொல்வார், எனக்குப் பயமாக இருக்கிறது, நான் கோழை, ஆனால் உன் மேல்கோட்டை நான் பிடித்துக்கொள்கிறேன் என்று. அவ்வளவுதான் வசனம். சொல்லிவிட்டுக் கோட்டை வாங்கி மார்போடு அணைத்துக்கொள்வார். அங்கே யாரும் சிரிக்க முடியாது. கீழே இறங்க முடியாதவன் கூடவே நின்று, திரும்பி வரும்வரை சாமானைப் பத்திரமாக வைத்துக்கொள்வதும் ஒரு வேலை. அதில் வெட்கமும் இருக்கிறது, அன்பும் இருக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் காட்டிவிட்டார்.

மாப்ளே, துணை நடிகர் என்று நாம் சொல்கிறோமே, அந்த 'துணை' என்ற சொல்லுக்கு அந்த ஒரு காட்சிதான் எனக்கு அர்த்தம் சொன்னது. கதாநாயகன் இறங்கிப் போகட்டும், நான் அவன் கோட்டைக் கீழே விழாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று நிற்கிறவர். பாரி வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் நின்றார். அவர் நிற்கிற பக்கம் நம் கண் தானாகப் போய்விட்டது என்றால் அது அவர் பிடுங்கிக்கொண்டதில்லை.

அதனால்தான் 1945 மார்ச்சில் ஒரு விசித்திரம் நடந்தது. 'கோயிங் மை வே' பாதிரியார் வேடத்துக்காக அவர் பெயர் சிறந்த நடிகர் பட்டியலிலும் வந்தது, சிறந்த துணை நடிகர் பட்டியலிலும் வந்தது. ஒரே வேடம், இரண்டு பட்டியல். அதற்கு முன்பும் பின்பும் யாருக்கும் அது நடக்கவில்லை, விதியையே பிறகு மாற்றிவிட்டார்கள். கிராஸ்பி சிறந்த நடிகர், பாரி சிறந்த துணை நடிகர், படத்துக்கு மொத்தம் ஏழு ஆஸ்கர். போரில் உலோகத் தட்டுப்பாடு என்று அந்த மூன்று வருடம் ஆஸ்கர் சிலையைப் பிளாஸ்டரில் வார்த்து வண்ணம் பூசிக் கொடுத்தார்கள். பாரி வீட்டுக்குள் கோல்ஃப் மட்டையை வீசிப் பழகும்போது மட்டை பட்டுச் சிலையின் தலை போய்விட்டது. வேறு சிலை கொடுத்தார்கள் என்று வை.

அந்தப் புகழின் நடுவில் அவருக்குப் பெரிய துயரமும் இருந்தது. 1944 மார்ச்சில் அவர் ஓட்டிய கார் மோதி ஒரு பெண் இறந்துபோனார். வழக்கு நடந்தது, 1945 ஜனவரியில் போதிய ஆதாரம் இல்லை என்று விடுவிக்கப்பட்டார். இரண்டு மாதத்தில் விருது மேடை. ஊரெல்லாம் அந்தப் பாதிரியாரை நினைத்து உருகிக்கொண்டிருந்த மாதங்களில் அவர் கோர்ட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். ஒரு உயிர் போனது போனதுதான். அவரைப் பற்றி எழுதும்போது அதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

போருக்குப் பிறகு நியூயார்க் தெருக்களிலேயே எடுத்த 'த நேக்கட் சிட்டி'யில் போலீஸ் அதிகாரியாகக் கிட்டத்தட்டக் கதாநாயகன். 1952இல் வந்த 'த குவயட் மேன்' நாம் சேர்ந்தே பார்த்திருக்கிறோம், நினைவிருக்கிறதா? குதிரை வண்டி ஓட்டிக்கொண்டு கல்யாணத் தரகராக வருவாரே, அவர்தான் இவர். அதே படத்தில் புராட்டஸ்டண்ட் போதகராக வருபவர் தம்பி ஆர்தர். உண்மையில் இருவருமே புராட்டஸ்டண்ட் குடும்பத்துப் பிள்ளைகள். உலகமே கத்தோலிக்கப் பாதிரியார் என்றால் பாரியின் முகத்தை நினைத்த காலத்தில் அவர் வேறு சபைக்காரர்! கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசியில் டப்ளினுக்கே திரும்பிப்போய் 1961 ஜனவரியில் இறந்தார்.

இன்னொன்று, இதை உன்னிடம் சொல்லத்தான் இரண்டு நாளாகக் கை துறுதுறுத்தது. 'மிஸஸ் ஹாலிடே' படத்தை முதலில் இயக்கத் தொடங்கியவர், நாஜிகள் பிடித்த பிரான்ஸிலிருந்து தப்பி வந்த ழான் ரெனுவார். பாதியில் விலகிவிட்டார். போர் முடிந்தபின் அவர் வங்காளத்துக்கு வந்து ஹூக்ளி கரையில் 'த ரிவர்' எடுத்தார். 1951இல் வெளிவந்தது. அதில் இந்தியப் பெண்ணை மணந்து மனைவியை இழந்த வெள்ளைக்காரர் ஜான் வேடம் யாருக்கு? நம் ஆர்தர் ஷீல்ட்ஸுக்கு! அவருடைய மகள் மெலனியாக நடித்து, நடனமும் ஆடியவர் யார் தெரியுமா? அடையாற்றில் பிறந்து, கலாக்ஷேத்ராவில் பரதம் கற்ற ராதா. ருக்மிணி தேவியின் அண்ணன் மகள். பின்னாளில் ராதா பர்னியர் என்ற பெயரில் 1980 முதல் 2013 வரை அடையாறு பிரம்மஞான சபையின் தலைவராக இருந்தவர். நீ அடையாற்றில் வேலை பார்த்த நாளில் அந்த ஆலமரத்துப் பக்கம் எத்தனை தடவை போயிருப்பாய்! நாடக மேடைக்கு அடியிலிருந்து துப்பாக்கி எடுத்த டப்ளின் இளைஞர், முப்பத்து நாலு வருடம் கழித்து ஆற்றங்கரையில் அடையாற்றுப் பெண்ணுக்கு அப்பாவாக உட்கார்ந்திருக்கிறார். கதையில் ஒரு சிறுவன் இறந்தபின் ஆர்தர் பேசுகிற இடம் ஒன்று வரும். மிகவும் மெதுவாகப் பேசுவார். அண்ணனுக்குக் கிடைத்த புகழ் இவருக்குக் கிடைக்கவில்லை, ஆனால் அந்த ஒரு இடத்தில் அவர் அண்ணனுக்குக் கொஞ்சமும் குறைந்தவர் இல்லை.

இவ்வளவு எழுதினேனே, கண் வலிக்கவே இல்லை. பங்குனியில் திருப்பரங்குன்றத்துக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். ஒரு நாள் சேர்த்துத் தங்கு. கப்பல் படத்தையும் ஆற்றுப் படத்தையும் சேர்ந்து பார்ப்போம். மகள் பெரிய டிவியில் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா, இங்கே மாடியறை காலியாகத்தான் இருக்கிறது.

அப்புறம், நம் நாடகக் குழு போட்டோ ஒன்று உன்னிடம் இருக்குமே, ஆண்டுவிழா அன்றைக்கு மேக்கப்போடு எடுத்தது. நீ ஜமீன்தார், நான் உன் வேலைக்காரன், பக்கத்தில் திரை இழுத்த பையனும் ஹார்மோனியக்காரரும் இருப்பார்கள். அதைப் பிரதி எடுத்துக்கொண்டு வா. உன் சால்வையை நான் கையில் வைத்துக்கொண்டு நிற்பதாக எனக்கு ஞாபகம். சரிதானா என்று பார்க்க வேண்டும்.

உன் அன்பு,
பழைய பெஞ்சுத் தோழன்